தலைமைப் பயிற்சியாளரை மாற்றலாமா என்று தீர்மானிப்பது எப்படி?

தொடர் தோல்விகள் வந்தவுடன் கால்பந்துக் கழக நிர்வாகிகள் புள்ளிப்பட்டியலைத்தான் முதலில் எடுப்பார்கள். அதைக் கடைசியில் எடுப்பது நல்லது. கால்பந்தில் ஒரு போட்டிக்கு ஏறத்தாழ மூன்று கோல்களே விழுகின்றன என்பதால், கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்தோ ஒரு பெனால்டியோ முடிவையே புரட்டிவிடும். பத்துப் போட்டிகளின் கணக்கில்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு கணிசமாக இருக்கும்.

ஆகவே, அண்மைய பத்துப் பதினைந்து போட்டிகளில் அணி உருவாக்கிய கோல் வாய்ப்புகளின் தரத்தையும், எதிரணிக்குக் கொடுத்த வாய்ப்புகளின் தரத்தையும் முதலில் ஒப்பிடுங்கள். வாய்ப்புகள் குறையாமல் புள்ளிகள் மட்டும் குறைந்திருந்தால் பொறுத்திருக்கலாம். 2015 பிப்ரவரியில் பயிற்சியாளர் யூர்கன் க்ளோப்பின் டோர்ட்முண்ட் அணி 19 போட்டிகளில் 16 புள்ளிகளோடு ஜெர்மனியின் முதல்நிலை லீகான புண்டெஸ்லிகாவின் கடைசி இடத்தில் கிடந்தது. கழகம் அவரைக் கைவிடவில்லை, சீசன் முடிந்தபோது அணி 7ஆம் இடத்தில் இருந்தது. வாய்ப்புகளே வற்றிவிட்ட அணியின் கதை வேறு. 2018இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றுகொடுத்த ஜான் கிரிகரியின் சென்னையின் எஃப்.சி., 2019–20 சீசனின் முதல் நான்கு போட்டிகளில் ஒரு கோலும் அடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் அவர் விலக, பொறுப்பேற்ற ஓவென் காயில் பெரும்பாலும் அதே வீரர்களைக் கொண்டு இறுதிப் போட்டி வரை சென்றார்.

அடுத்து, குறைகளில் எவை பயிற்சியாளருடையவை என்று பிரித்துப் பாருங்கள். காயங்கள், நெருக்கமான போட்டி அட்டவணை, அவரைக் கேட்காமல் வாங்கப்பட்ட வீரர்கள் ஆகியவற்றுக்கு அவர் பொறுப்பாக மாட்டார். வீரர்களிடமும் விசாரிக்கலாம், ஆனால், ஆட வாய்ப்பில்லாமல் பெஞ்சில் இருப்பவரின் புகார் எந்தப் பயிற்சியாளர் காலத்திலும் இருக்கும். முன்பு முழுமனதோடு ஓடிய மூத்த வீரர்கள் இப்போது பந்தை இழந்ததும் நின்றுவிடுகிறார்களா என்று காணொளியில் பார்ப்பது அதைவிட நம்பகமானது.

புதியவர் வந்தால் உடனே ஏற்றம் வரும் என்ற நம்பிக்கையையும் சற்றுத் தள்ளி வையுங்கள். நெதர்லாந்து லீகில் 1986 முதல் 2004 வரையிலான பயிற்சியாளர் மாற்றங்களை ஆராய்ந்த பொருளியலாளர் பாஸ் டெர் வீல், அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் ஏறக்குறைய அவ்வாறே மீண்டதைக் கண்டார். மிக மோசமான கட்டத்தில்தான் நீக்குகிறார்கள். அதற்குப் பின் ஓரளவு மேலே வருவது இயல்புதானே?

பலரும் தவறவிடும் கேள்வி, யாரைக் கொண்டுவருவது என்பது. மான்செஸ்டர் யுனைடெட் 2024 ஜூலையில் பயிற்சியாளர் எரிக் டென் ஹாகின் ஒப்பந்தத்தை நீட்டித்து, அக்டோபரில் அவரை நீக்கியது. நான்கு தடுப்பாட்டக்காரர்களோடு ஆடப் பழகிய அந்த அணிக்கு, மூவரை வைத்து ஆடும் ரூபன் அமோரிம் சீசனின் நடுவில் வந்தார்; 42 புள்ளிகளுடன் 15ஆம் இடமே கிடைத்தது. கையில் உள்ள வீரர்களுக்குப் பொருந்தக்கூடிய ஒருவர் கிடைக்கும் நிலையில் இல்லையென்றால், சீசன் முடியும்வரை காத்திருப்பதே மேல். கீழ்நிலை லீகுக்குத் தரமிறங்கும் அபாயம் நெருங்கியிருந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. அப்போதும் ஜனவரியில் வீரர் மாற்றச் சாளரம் (வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் காலம்) திறப்பதற்கு முன்பே மாற்றுங்கள், வருகிறவர் தமக்கு வேண்டிய ஓரிருவரையாவது வாங்கிக்கொள்ள முடியும்.

முடிவு எதுவாயினும், ஒப்பந்தப்படி தர வேண்டிய இழப்பீட்டுத் தொகையையும், மறுநாள் காலைப் பயிற்சியை நடத்தப்போகிறவர் யார் என்பதையும் எழுத்தில் உறுதிசெய்த பிறகே பயிற்சியாளரை அழைத்துப் பேசுங்கள்.