ஒன்ராறியோவில் பாவித்த ஓல்வீல் டிரைவ் வாங்குவது: கீழே குனிந்து பார்க்கும் வழி

குளிர்காலம் வரமுன்னம் ஓல்வீல் டிரைவ் உள்ள, அதாவது நாலு சில்லும் இழுக்கும், பாவித்த சின்ன எஸ்யுவி தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கொம்பனி நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் கீழே இருக்கிறது. ஆனால் பத்து வருடம் உப்பு ரோட்டில் ஓடிய வண்டிக்குக் கொம்பனிப் பெயர் பாதிப் பதில் மட்டும்தான். ஒரே வருடத்து ஒரே மொடல் வண்டிகள் இரண்டில் ஒன்று இன்னும் பல வருடம் ஓடும். மற்றது சில மாதத்திலேயே பின் டிஃபரென்ஷியல் (பின்சில்லு இரண்டுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டி) சத்தத்தோடு கராஜுக்குப் போகும். காரணம் அனேகமாக மூன்றில் ஒன்று: ரயர், ஒயில், கறள்.

பார்க்கப் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: ரயரின் பள்ளம் அளக்கும் சின்னக் கருவி, நல்ல லைற், நிலத்தில் படுக்க ஒரு கார்ட்போர்ட் மட்டை, எஞ்சின் கோட் (வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) வாசிக்கும் கருவி. கடைசியில் சொன்னது வயரோடும் தனித் திரையோடும் இருப்பதே நல்லது. போனோடு புளூரூத்தில் இணையும் மலிவுக் கருவிகள் விற்பவரின் வீட்டு வாசலில் வைத்து இணைய மறுக்கும், உங்களுக்கு அவசரம் வரும், பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள்.

1. எந்த வண்டி

தலையிடி குறைந்த தெரிவு 2013 முதல் 2018 வரையான ரொயோட்டா ரவ்-4. 2.5 லீற்றர் எஞ்சின், ஆறு கியர் ஒட்டோமற்றிக், ரேர்போவும் இல்லை, சிவிரியும் (கியர் படிகள் இல்லாத ஒட்டோமற்றிக்) இல்லை. அதற்குப் பக்கத்தில் நிற்கக்கூடியது 2014 முதல் 2016 வரையான மஸ்டா சிஎக்ஸ்-5, 2.5 லீற்றர் எஞ்சினோடு. 2.0 லீற்றர் எஞ்சினும் கெட்டதில்லை, ஆனால் ஆட்களும் சாமானும் ஏற்றி மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும்.

ஹொண்டா சிஆர்-வி என்றால் 2012 முதல் 2014 வரை: 2.4 லீற்றர், ஐந்து கியர். 2017, 2018 வருடத்து 1.5 லீற்றர் ரேர்போவைக் குளிரில் குறுந்தூரம் மட்டும் ஓடினால் பெற்றோல் எஞ்சின் ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கில் (ஒயில் அளவு பார்க்கும் கம்பி) ஒயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று பெற்றோல் மணத்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்நோவில் ஏறுவதில் சுபாருவே முதலிடம். மற்றவை முன்சில்லு வழுக்கும்போதோ வண்டி புறப்படும்போதோ பின்னுக்கு விசை அனுப்பும். சுபாரு எப்போதும் நாலு சில்லுக்கும் அனுப்பும். ஆனால் வருடம் பார்த்துத்தான் வாங்கவேண்டும். 2010 வரையான ஃபொரெஸ்ரரிலும் 2012 வரையான அவுட்பாக்கிலும் இருந்த பழைய 2.5 லீற்றர் எஞ்சினில் ஹெட் கஸ்கெற் (எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்பு) கசிவது பேர்போனது. அந்த எஞ்சினுக்கு ரைமிங் பெல்ற்றும் மாற்றவேண்டும், பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அதற்குப் பின் வந்த எஞ்சினில் பெல்ற் இல்லை, செயின்தான். ஆனால் அதன் ஆரம்ப வருடங்களில், 2011 முதல் 2014 வரையான ஃபொரெஸ்ரர் உட்பட, ஒயில் குடிக்கும் பிரச்சினை இருந்தது. அமெரிக்காவில் வழக்கு வரை போய்த் தீர்த்தார்கள். இரண்டு ஒயில் மாற்றத்துக்கு இடையில் எத்தனை லீற்றர் ஊற்றினார்கள் என்று நேரே கேளுங்கள்.

வாகன் உருவம்தான் (பின்பக்கம் நீண்ட கார்) வேண்டும் என்பவர்களுக்கு அவுட்பாக்கோடு 2017 முதல் 2019 வரை இங்கே விற்ற வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஓல்ராக்கும் இருக்கிறது. ஓடுவதற்கு அருமையான வண்டி. ஆனால் பின் கப்ளிங்கில் (பின்சில்லுக்கு விசையை இணைக்கும் கிளட்ச்) உள்ள பம்பின் வலை அழுக்கில் அடைபடும், அதைக் கழற்றித் துப்பரவு செய்யவேண்டும். இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ் ஒயிலையும் தவணைக்கு மாற்றவேண்டும். பராமரிப்புச் சீட்டு இல்லாத ஓல்ராக் வேண்டாம்.

2. உண்மையில் ஓல்வீல் டிரைவா

ரவ்-4, சிஆர்-வி, சிஎக்ஸ்-5 மூன்றும் முன்சில்லு இழுவையிலும் விற்கப்பட்டவை. விளம்பரத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் பின்பக்கம் குனிந்து பாருங்கள். பின்சில்லுகளுக்கு நடுவில் தேங்காய் அளவில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கவேண்டும். அதுதான் பின் டிஃபரென்ஷியல். முன்னிருந்து அதுவரை வண்டியின் நடுவால் ஒரு நீளத் தண்டு ஓடவேண்டும்.

பெட்டி இருந்து தண்டு இல்லையென்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். தண்டைத் தாங்கும் பெயரிங் போனாலோ பின் கப்ளிங் போனாலோ, திருத்தக் காசில்லாமல் தண்டை எடுத்துவிட்டு முன்சில்லில் ஓடுகிறவர்கள் உண்டு. காய்ந்த ரோட்டில் ஓடிப்பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

3. ரயர்: இதில் அவசரப்படாதீர்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. "ரயர் நல்லா இருக்கு" என்றால் போதாது. நாலு ரயரும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருக்கவேண்டும்.

காரணம் இதுதான். தேய்ந்த ரயர் சுற்றளவில் சிறியது, அதே தூரத்துக்குக் கூடச் சுற்றவேண்டும். பள்ளத்தின் ஆழம் 1 மில்லிமீற்றர் குறைந்தால் சுற்றளவு 6 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடக் குறையும். சுபாரு நாலு ரயருக்கும் இடையில் அனுமதிக்கும் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ அதே 6 மில்லிமீற்றர். ஆழத்தில் 1 மில்லிமீற்றர் வித்தியாசமே எல்லை என்று ஆகிறது.

இப்போது முன்னுக்கு இரண்டு புது ரயரும் பின்னுக்கு 3 மில்லிமீற்றர் கூடத் தேய்ந்த இரண்டும் போட்ட வண்டியை நினையுங்கள். 225/65R17 அளவு ரயர் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 440 தடவை சுற்றும். பின் ரயர்கள் அதைவிட மூன்றரைச் சுற்று அதிகம் சுற்றவேண்டும். அந்த வித்தியாசத்தை நடுவில் உள்ள கிளட்ச்தான் வழுக்கி வழுக்கிச் சமாளிக்கும். ரொறன்ரோவில் இருந்து ஒட்டாவா போய்வர 900 கிலோமீற்றர் வரும். அவ்வளவு தூரமும் அது சூடாகித் தேயும். ஒருநாளில் உடையாது. அதனால்தான் விற்பவருக்கே தெரியாமல் இருக்கும்.

அளக்கும் முறை: ஒவ்வொரு ரயரிலும் உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று பள்ளத்தில் அளந்து எழுதுங்கள். முன்சில்லின் உள்பக்கத்தை அளக்க ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி வையுங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் தேய்மானக் கட்டையின் மேல் கருவியை வைத்தால் அளவு பிழைக்கும். காசைச் செருகிப் பார்ப்பது இதற்கு உதவாது, 1 மில்லிமீற்றர் வித்தியாசம் காசில் தெரியாது. உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ற் (சில்லுகள் நிற்கும் கோணம்) கோளாறு. நாலும் ஒரே பெயர், ஒரே மொடலா என்றும் பாருங்கள்.

வின்ரர் ரயர் செற் சேர்த்துத் தருகிறார்கள் என்றால் அதையும் இதேபோல அளக்கவேண்டும். பக்கச் சுவரில் உள்ள கடைசி நாலு இலக்கம் செய்த வாரமும் வருடமும்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். பள்ளம் 5 மில்லிமீற்றருக்குக் கீழே போன வின்ரர் ரயருக்கு விலை கொடுக்காதீர்கள். ஓல்வீல் டிரைவ் புறப்படத்தான் உதவும், பிரேக் பிடிக்க உதவாது, நிறுத்துவது ரயர்தான்.

4. ஓடிப் பார்ப்பது

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். பொனற்றைத் தொட்டு, சூடாக இருந்தால் ஏன் முன்கூட்டியே ஸ்ரார்ட் செய்தார்கள் என்று கேளுங்கள்.

பத்து நிமிடம் ஓடிய பின், காய்ந்த வெறும் பார்க்கிங்கில் ஸ்ரியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். இடம், வலம் இரண்டும். "டக் டக் டக்" என்றால் முன் அச்சின் சிவி மூட்டு. வண்டி இழுத்துப்பிடித்து விக்கி விக்கிப் போனால் நடுக் கிளட்ச் விடுபடவில்லை. அந்த வண்டியை விட்டுவிடலாம். சிஆர்-வியில் பின்னிருந்து உறுமல் கேட்டால் பயப்படவேண்டாம், அனேகமாகப் பின் டிஃபரென்ஷியல் ஒயில் பழசு. ஹொண்டாவின் டூவல் பம்ப் ஃபுளூயிட் 2 ஊற்றி மாற்றினால் போகும். விலையைக் குறைக்க நல்ல காரணம்.

பிறகு ஹைவேயில் 100இல் போகும்போது ரேடியோவை நிறுத்துங்கள். வேகத்தோடு கூடும் இரைச்சல் வீல் பெயரிங்காகவும் இருக்கலாம், ஒழுங்கில்லாமல் தேய்ந்த ரயராகவும் இருக்கலாம். மெதுவாக இடம் வலம் அசைக்கும்போது இரைச்சல் மாறினால் பெயரிங்.

5. கோட் வாசிப்பது

எச்சரிக்கை லைற் எரியவில்லை என்பது போதாது. விற்க முதல் நாள் கோட்டை அழித்துவிட்டால் லைற் எரியாது. அதனால் கருவியில் "ரெடினஸ்" பக்கத்தைத் திறந்து பாருங்கள். கோட் அழித்ததும் வண்டியின் சுயபரிசோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று மாறும், பல நாள் ஓடிய பின்தான் ஒவ்வொன்றாக முடியும். இரண்டு மூன்று முடியாமல் இருந்தால் அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றறி கழற்றியிருக்கிறார்கள்.

6. கறள்

மட்டையை விரித்துப் படுங்கள். கதவுக்குக் கீழே உள்ள விளிம்பு, பின்சில்லு வளைவின் உள்பக்கம், பின் சஸ்பென்ஷன் பொருத்திய சட்டம், பிரேக் குழாய்கள், பெற்றோல் ஊற்றும் குழாய். மேலே பொடியாகப் படிந்த செம்மண் நிறம் பரவாயில்லை. படையாகக் கழன்று விழுவதும், விரலால் அழுத்தினால் நொறுங்குவதும் கூடாது. வசந்த காலத்தில் புதிதாகக் கறுப்புத் தார் பூசிய அடிப்பக்கம் கண்டால் சந்தேகப்படுங்கள், கறளை மூடவும் அதையே பூசுவார்கள். வருடாவருடம் ஒயில் தெளித்து வந்த வண்டி அழுக்காகப் பிசுபிசுக்கும். அந்த அழுக்கு நல்லது.

7. கடதாசிகள்

தனியாரிடம் வாங்கினால் சேவிஸ்ஒன்ராறியோவின் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும். அதில் முன்னைய சொந்தக்காரரும் கடன் பதிவும் இருக்கும். விபத்து விபரத்துக்குக் கார்ஃபக்ஸ் என்ற வாகன வரலாற்று அறிக்கையைத் தனியாக எடுங்கள். 13 வீத வரி நீங்கள் கொடுத்த விலைக்கா, ரெட் புக் என்ற வாகன விலைப் பட்டியலில் உள்ள மொத்த வியாபார விலைக்கா என்றால் எது கூடவோ அதற்கு. சேஃப்ரி சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். அது வீதியில் ஓடக் குறைந்தபட்சத் தகுதி மட்டுமே. கியர்பொக்ஸின் உள்நிலையை அது சொல்லாது. உங்கள் மெக்கானிக் லிஃப்றில் ஏற்றிப் பார்ப்பது வேறு, அதைத் தவிர்க்காதீர்கள்.

பின்சேர்க்கை

"தண்டு இல்லை, ஏமாற்றா?" என்று ரவ்-4 ஹைபிரிட் பார்த்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். இல்லை. ஹைபிரிட்டில் தண்டு இருக்காது, பின்சில்லைத் தனி மின்மோட்டார் சுற்றும். 2019 தொடக்கம் வந்த ஹைபிரிட்டில் அந்த மோட்டாருக்குப் போகும் மின்கேபிளின் இணைப்பு உப்பில் அரித்துப் போன முறைப்பாடுகள் கனடாவில் வந்தன. திருத்தச் செலவு பெரிது. வின் இலக்கத்தை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து, கேபிளுக்கான உத்தரவாதம் இன்னும் இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ரெடினஸ் பற்றி இன்னொன்று. பெற்றோல் ஆவிப் பரிசோதனை ஒன்று மட்டும் முடியாமல் நின்றால் வண்டியை நிராகரிக்கவேண்டாம். தாங்கி நிரம்பியிருந்தாலும் வெறுமையாக இருந்தாலும் கடுங்குளிரிலும் அது ஓடாது.

வாங்கிய முதல் வாரத்திலேயே பின் டிஃபரென்ஷியல் ஒயிலை மாற்றிவிடுங்கள். சிஆர்-விக்கு ஒன்றேகால் லீற்றர் போதும். மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது கழன்ற பிறகுதான் கீழ் பிளக். மேலது கறள் பிடித்து இறுகியிருக்க ஒயிலை வடித்துவிட்டால், திரும்ப ஊற்ற வழியில்லாமல் வண்டியைக் கட்டி இழுக்கத்தான் வேண்டிவரும்.