போயாவும் காப்புக்கட்டும் பார்த்துக் கோழி எடுப்பது எப்படி

இலங்கை மலையகத்தில் கோழிக்கடை போடுகிறவருக்குத் தராசுக்கு முன்பே வேண்டியது ஒரு பஞ்சாங்கக் கலண்டர். ஹட்டனோ பண்டாரவளையோ, யார் என்றைக்குக் கறி வாங்கமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் ஓடர் பிழைக்காது.

முதலில் போயா நாட்களை, அதாவது பௌர்ணமி விடுமுறைகளை, வட்டமிடுங்கள். வருடத்துக்கு 12, சில வருடங்களில் 13. அன்று இறைச்சி விற்கத் தடை. வெசாக் போயாவுக்கு மறுநாளும் விடுமுறை. எத்தனை நாள் மூட வேண்டும் என்பதை அந்த வருட அறிவித்தலில் பாருங்கள். ஆனால் பூட்டு கடைக்குத்தான். பிள்ளைகள் வீட்டில் நிற்கும் லீவு நாள் என்பதால், தேயிலைத் தோட்ட லயங்களில் குடியிருக்கும் சனம் முதல்நாள் பின்னேரமே வாங்கி வைத்துவிடும். நாளுக்கு 40 கிலோ போகிற கடையென்றால் முதல்நாளுக்கு 55 கிலோ வைத்துத் தொடங்கலாம். பிரொய்லரைச் சுத்தம் செய்தால் உயிர் எடையில் 70–75 வீதம்தான் மிஞ்சும். ஆக சுமார் 76 கிலோ உயிர்க்கோழி எடுக்க வேண்டும். தைப்பூசம் போயாவை ஒட்டி வரும்போது வீடுகளில் விரதம் என்பதால் இந்தக் கணக்கு செல்லாது, பழைய 40கூடப் போகாது.

கோயில் திருவிழா வேறு கதை. போயா வியாபாரம் ஒருநாள் முன்னே நகரும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் தொடங்கிய தோட்டத்தில் வியாபாரமே இராது. திகதி கலண்டரில் கிடைக்காது, கோயில் கமிட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கறிக்குப் பதிலாக முட்டை, கருவாடு ஓடும் என்று இறக்கிவைப்பதுதான் புதுக் கடைக்காரர் விடும் பிழை. விரத வீட்டில் அவையும் ஏறாது, பருப்பும் சோயாவும்தான். முனியாண்டி பூசைக்கு மாத்திரம் உயிரோடு நாட்டுச் சேவல் கேட்பார்கள், அதற்குப் பிரொய்லரைக் காட்டாதீர்கள்.

தீபாவளிக்கு அளவு மீறி எடுக்க ஆசை வரும். ஐப்பசி அமாவாசைக்கு மறுநாளே கந்தசஷ்டி விரதம், ஆறு நாள். மிச்சத்தை அந்த வாரத்தில் தள்ள முடியாது.

டவுனில் முஸ்லிம் வாடிக்கையாளர் முதலில் கேட்பது விலையை அல்ல, அறுத்தது யார் என்பதை. முறைப்படி அறுக்கத் தெரிந்த முஸ்லிம் ஒருவரை வேலைக்கு வையுங்கள். 2013இல் ஹலால் இலச்சினை பற்றி அவ்வளவு சர்ச்சை நடந்தும், சோசேஜ் பக்கெட்டைத் திருப்பி அதைத் தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

மாட்டிறைச்சி விற்பதென்றால் கட்டை, கத்தி, தராசுத் தட்டு எல்லாம் தனி. மாடு வெட்டிய கட்டையில் கோழி வெட்டுவதை ஒருமுறை கண்ட இந்து வீட்டுக்காரி திரும்ப வரமாட்டார். அதற்காகத் தோட்டத்தில் யாருமே மாடு சாப்பிடுவதில்லை என்று நினைக்க வேண்டாம். சாப்பிடுகிறவர் உள்ளே தெரியாத பையில் கேட்பார். கேள்வி கேட்காமல் கட்டிக்கொடுங்கள்.

மிஞ்சியதைக் குவியலாக ஃப்ரீசரில் போட்டால் நடுவில் சூடு நின்று நாறும். அன்றைக்கே 1 கிலோப் பைகளாகத் தட்டையாகப் பரப்பி, மைனஸ் 18 பாகையில் வையுங்கள். சாதாரண ஃப்ரிட்ஜில் 0–4 பாகையில் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.