பட்டனைப் பார்த்து டயர் வாங்காதீர்கள்

மண்பாதையில் ஓட்டுகிற மலைச் சைக்கிளுக்கு டயர் வாங்கப் போகிறவர்கள் முதலில் செய்வது, டயரின்மேல் துருத்திக்கொண்டிருக்கும் ரப்பர் மேடுகளை, அதாவது பட்டனை, கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பது. பட்டன் பெரிதாக, முரட்டுத்தனமாக இருந்தால் மனசுக்கு ஒரு திருப்தி. என் முதல் டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயரை நானும் அப்படித்தான் வாங்கினேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, பல்லாவரம் பக்கம் ஒரு பழைய கல்குவாரி ஓரத்தில், பின்டயரின் பக்கவாட்டுச் சுவர் இரண்டு விரல் நீளத்துக்கு வாய் பிளந்தது. பட்டன்கள் புத்தம் புதிதாக அப்படியே இருந்தன. உள்ளே இருந்த சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், பால் மாதிரி கெண்டைக்காலில் வழிய, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அன்றைக்குப் புரிந்தது, நம் ஊர் மண்ணுக்கு டயரின் பட்டனைவிடச் சுவர்தான் முக்கியம் என்று. பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல் சாதாரணக் கல் இல்லை. கொல்கத்தாவில், அந்த நகரை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்தது இந்த இனக் கல்தான்; அதனால்தான் இதற்கு சார்னோகைட் என்றே பெயர் வந்தது. உடைத்துப் போட்ட சார்னோகைட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வேகமாக இறங்கும்போது டயர் அதன்மேல் நேராக ஏறினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பக்கவாட்டில் உரசினால்தான் வினை.

அந்தச் சுவரின் உறுதியைத் தீர்மானிப்பது கேசிங், அதாவது ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் துணி. ஒரே மாடலை, ஒரே பட்டன் அமைப்பை, கம்பெனிகள் மூன்று நான்கு கேசிங்கில் விற்கின்றன. மேக்சிஸில் எக்ஸோ, எக்ஸோ பிளஸ், டபுள் டவுன் என்று ஏறிக்கொண்டே போகும். ஷ்வால்பேயில் சூப்பர் கிரவுண்ட், சூப்பர் டிரெயில், சூப்பர் கிராவிட்டி. கடையில் மாடல் பெயரைச் சொல்லி 'மினியன் இருக்கா?' என்று மட்டும் கேட்டால், கையிருப்பில் எது கிடக்கிறதோ அதுதான் உங்கள் கைக்கு வரும். கேசிங் பெயரையும் சேர்த்துக் கேளுங்கள். கல்லில் அடித்து ஓட்டுகிறவர் என்றால் பின்னால் டபுள் டவுன் அல்லது அதற்கு இணையானது, முன்னால் ஒரு படி லேசானது என்பது என் கணக்கு. எடை பெரும்பாலும் பின்சக்கரத்தின்மேல்தான் விழுகிறது. கல்லில் இடித்து நசுங்குவதும் அதுதான்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு: டி.பி.ஐ. ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் என்பதுதான் இந்த எண். 60-ஐவிட 120 உசத்தி என்று நினைத்து வாங்குகிறார்கள். நூல் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு நூலும் மெலிசு. டயர் லேசாகும், வளைந்து கொடுக்கும். வெட்டுத் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. டபுள் டவுனும் 120 நூல்தான், ஆனால் அது இரண்டு அடுக்கு. கிராம் கணக்குப் பார்த்து இலேசான டயர் வாங்குவதும் இதே ரகம். மிச்சமாகும் இருநூறு கிராமை நானும் ஆசைப்பட்டு மிச்சப்படுத்தியவன்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மேலேயே சொல்லிவிட்டேன்.

அடுத்தது 'டியூப்லெஸ்' என்ற சொல்லே செய்யும் வேலை. பைக்கிலும் காரிலும் பழகிவிட்டதால், டியூபைக் கழற்றிவிட்டால் டியூப்லெஸ் ஆகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். டயரின் ஓரத்தில் டியூப்லெஸ் ரெடி என்றோ, சுருக்கமாக டி.ஆர். என்றோ இருக்க வேண்டும். ரிம்மும் அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். சாதா டயரில் சீலண்ட் ஊற்றி ஓட்டலாம், நாலு நாள் ஓடவும் செய்யும். ஒரு வேகமான வளைவில் ஓரம் விலகி 'புஸ்'. காற்றுக் கசியாமல் ரிம்மின் உள்ளே ஒட்டுகிற ரிம் டேப், ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

அகலத்திலும் ஏமாறுகிறோம். 2.5 அங்குல டயர் பார்க்க அழகுதான். ஆனால் அது உட்கார ரிம்மின் உள் அகலம் 30 மில்லிமீட்டர் அளவில் வேண்டும். நம் ஊரில் விற்கிற ஆரம்ப விலை சைக்கிள்கள் பலவற்றில் ரிம் இதைவிடக் குறுகலானது. அதில் மாட்டினால் டயர் பலூன் மாதிரி உருண்டு நிற்கும், வளைவில் படுத்துவிடும். குறுகல் ரிம்மா, 2.25 போதும். சக்கர அளவு சந்தேகமாக இருந்தால் டயரில் அச்சடித்த மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள்: 29 அங்குலச் சக்கரத்துக்கு 622, 27.5-க்கு 584.

சரி, பட்டனுக்கு வருவோம். இணையத்தில் புகழப்படும் டயர்களில் பாதி, ஈர வேரும் சேறும் இருக்கிற ஊர்க்காரர்கள் ஓட்டிப் பார்த்துச் சொன்னவை. நமக்கு வருஷத்தில் பெரும்பகுதி கெட்டித் தரை, அதன்மேல் பொடிச் சரளை. உயரமான, இடைவெளி விட்ட சேற்றுப் பட்டன் இதில் நெளியும். நடுத்தர உயரம், ஓரத்தில் முரட்டுப் பட்டன், இதுதான் பிடிக்கும். மென்மையான ரப்பரை முன்னால் மட்டும் போடுங்கள். வேளச்சேரியிலிருந்து வண்டலூர் வரை தார் ரோட்டிலேயே மிதித்துப் போய் அதற்கப்புறம் மண்ணில் இறங்குகிறவர் பின்னாலும் மென்மையான ரப்பர் போட்டால், கத்திரி வெயில் தாரே அதை அழிப்பான் மாதிரி தேய்த்துவிடும்.

காற்று விஷயத்தில் எதிரி நம் பஞ்சர் கடை அண்ணன்தான், பாசமான எதிரி. கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்து, "காத்தே இல்லையே தம்பி" என்று நாற்பதுக்கு ஏற்றிவிடுவார். டயரில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. எழுபது கிலோ ஆள் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. என்று ஆரம்பிக்கலாம். ரிம் கல்லில் 'டங்' என்று இடித்தால் ஒன்று ஏற்றுங்கள், சரளையில் துள்ளினால் ஒன்று இறக்குங்கள்.

சீலண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சீமைக்கருவேல முள் இல்லாத ஒற்றையடிப் பாதை சென்னையைச் சுற்றி எங்கே இருக்கிறது? டியூப்லெஸ்ஸுக்கு மாறியதே அதற்காகத்தான். ஆனால் லேடெக்ஸ் சீலண்ட் வெயிலில் காய்ந்துபோகும். ஆறு மாதம் வரும் என்று நம்பி, மொட்டை மாடியிலோ வெயில் படும் பால்கனியிலோ சைக்கிளை நிறுத்தினால், சித்திரை முடிவதற்குள் உள்ளே ரப்பர் உருண்டைதான் மிஞ்சும். மாதம் ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஊற்றுங்கள், காலியான 29 டயருக்கு நூறு மில்லிக்குக் குறையாமல். பைக்குக்கு விற்கிற கெட்டியான சீலண்டை ஊற்றுவது வேறு தவறு: எடை கூடும், சைக்கிளின் மெல்லிய பிரெஸ்டா வால்வு அடைத்துக்கொள்ளும். வழியில் முள்ளைப் பிடுங்கினால் உடனே அந்த ஓட்டை தரைப்பக்கம் வருகிற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துங்கள். சீலண்ட் அங்கே தேங்கினால்தான் அடைக்கும்.

அப்புறம், டியூப்லெஸ் ஆகிவிட்டதே என்று மாற்று டியூபை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பக்கவாட்டு வெட்டை சீலண்ட் அடைக்காது. சின்னதாக இருந்தால் ஓட்டையில் செருகும் ரப்பர் பிளக் தாங்கும், இல்லையென்றால் டியூப்தான் கதி. டியூபை நுழைப்பதற்குமுன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவுங்கள். சீலண்ட் இத்தனை நாள் சத்தமில்லாமல் அடைத்து வைத்திருந்த முட்கள் எல்லாம் அங்கேதான் நீட்டிக்கொண்டிருக்கும். ஒருமுறை ஒரே டயரிலிருந்து பதினொன்று எடுத்தேன். வெட்டுக்கு உள்ளே, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டை நாலாக மடித்து வைத்தால் டியூப் வெளியே பிதுங்காது. வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.