பழைய கேடயம் வாங்கும் முன் 'லை'யைப் பாருங்கள்

கும்பகோணம் பக்கம் பழைய பித்தளைச் சாமான் விற்கிற கடைகளில் கபடி, கால்பந்துப் போட்டிகளில் கொடுத்த கேடயமும் கோப்பையும் கண்ணில் படும். ஆண்டு வெட்டியிருக்கிறதே என்று உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள், ஆண்டை யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். தமிழ் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு நடைமுறைப்படுத்தியது 1978-இல். அதற்கு முன்பு ணை, லை, ளை, னை நான்குக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு மேலே எழும்பி நிற்கும். போன மாதம் என் கைக்கு வந்த ஒரு கேடயத்தில் 1962 என்று போட்டு, 'தலைவர்' என்பதில் இன்றைய 'லை' அச்சு அசலாக இருந்தது. சீர்திருத்த எழுத்தை முன்பே கையாண்டவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தள்ளிவிட முடியாது, ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு கறுத்திருக்க, வெட்டிய எழுத்தின் பள்ளம் மட்டும் பளபளவென்று மின்னியது. புதிதாக வெட்டியது!

மாவட்டப் பெயரும் காட்டிக்கொடுக்கும். நாகப்பட்டினம் மாவட்டம் 1991-இலும் திருவாரூர் மாவட்டம் 1997-இலும்தான் வந்தன, 1991-க்கு முன்பு இவை எல்லாம் தஞ்சாவூர் மாவட்டம்.

அப்புறம் தேய்மானம். கைபடும் காது, விளிம்பு, அடிப்பாகம் இவைதான் வழவழவென்று தேயும். எல்லா இடமும் ஒரே சீராகப் பச்சை பிடித்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், துணியில் ஒட்டினால் வேண்டாம். நல்லது கிடைத்தால் தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தக் கறுப்புதான் அதன் வயதுக்குச் சாட்சி.