கவுட் காலோடு செட்டிநாட்டில் குடித்தனம் நடத்துவது எப்படி

ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்குக் கால் பெருவிரலின் அடி மூட்டு திடீரென்று பிடித்துக்கொண்டு, விடிவதற்குள் சிவந்து பளபளவென்று வீங்கி, வேட்டி நுனி பட்டால்கூட உயிர் போகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கவுட் (gout) என்கிற மூட்டு நோயைத்தான். பெருவிரலில் மட்டும்தான் வரும் என்று இல்லை, கணுக்கால், முழங்கால், புறங்கால், மணிக்கட்டு என்று எங்கேயும் வரலாம். ஆனால் முதல் தடவை வருகிறவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பெருவிரல்தான். இரத்தத்தில் யூரிக் ஆசிட் என்கிற கழிவுப்பொருள் அளவு மீறும்போது, பாகு முற்றினால் கற்கண்டு கட்டுகிற மாதிரி, அது மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிந்துவிடுகிறது. அந்தப் படிகங்களை எதிரி என்று நினைத்து உடம்பு பாய்வதுதான் இந்த வலி. பாதத்தில் உடம்புச் சூடு குறைவு, அதனால் அங்கே படிவது சுலபம்.

இதில் இரண்டு வேலை இருக்கிறது, இரண்டும் வேறு வேறு. வந்த வலியை அடக்குவது ஒன்று, உள்ளே படிந்ததைக் கரைப்பது இன்னொன்று. நம்ம பக்கம் பெரும்பாலோர் முதல் வேலையோடு நிறுத்திவிட்டு, இரண்டாவதற்குப் பதிலாகப் பருப்பையும் தக்காளியையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த தடவை வரும்போது "போன வாரம் கீரை சாப்பிட்டேன், அதான்" என்கிறார்கள்.

வலி வந்த ராத்திரி

காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வைத்து எடுங்கள், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி வையுங்கள். சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஐஸ் விஷயத்தில் ரொம்ப ஜாக்கிரதை, மரத்துப்போய் தோல் குளிரில் புண்ணானாலும் தெரியாது. வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவது எதுவும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாதத்தை வைத்தால் இதமாகத்தான் இருக்கும், ஆனால் அது ஐஸ் ஆகாது. போர்வை பாரம் தாங்காது என்பதால் கால்மாட்டில் ஒரு அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, போர்வையை அதன் மேல் விடுங்கள்.

பழைய வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. நம்ம வீடுகள் இந்தத் தெருவில் முகப்பும் அந்தத் தெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடப்பவை, கக்கூஸ் பின்கட்டில் இருக்கும், நடுவில் இரண்டு மூன்று நிலைப்படியாவது தாண்டணும். வலி இருக்கிற நாட்களில் படுக்கையைப் பின்கட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். நிலைப்படியில் பெருவிரல் இடித்தால் வலி இரட்டிப்பது ஒரு பக்கம், அடி படுவதே ஒரு மூட்டில் கவுட்டைக் கிளப்பிவிடும் என்பது இன்னொரு பக்கம்.

மருந்துக்கு வருவோம். வலியை அடக்க மூன்று வகை இருக்கிறது: நாப்ராக்சன், இண்டோமெதாசின், எட்டோரிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் ஒன்று, கோல்ச்சிசின் இன்னொன்று, பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மூன்றாவது. மூன்றும் வேலை செய்யும். உங்களுக்கு எது என்பதை உங்கள் சிறுநீரகமும் இருதயமும் வயிறும் சர்க்கரையும்தான் முடிவு செய்யும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவு) ஏறியவர்கள் வலி மாத்திரைப் பக்கமே போகக் கூடாது, சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையைக் கிடுகிடுவென்று ஏற்றும். மருந்துக்கடையில் போய் "கால் வலிக்கு ஏதாவது குடுங்க தம்பி" என்று கேட்டால் அவருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை.

எந்த மருந்தானாலும் சீக்கிரம் போடுவதில்தான் இருக்கிறது. முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால் சீக்கிரம் அடங்கும். மூன்றாம் நாள் போடுகிறவருக்கு அவ்வளவு பலன் கிடைப்பதில்லை. அதனால் வலி இல்லாத நாளிலேயே டாக்டரிடம் போய், "ராத்திரி வந்தால் நான் என்ன போட்டுக்கொள்ளட்டும்" என்று கேட்டு, பேர், அளவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டோடு மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள். கோல்ச்சிசினில் இப்போது பொதுவாகச் சொல்வது முதலில் 1 மி.கி., ஒரு மணி நேரம் கழித்து 0.5 மி.கி., அதோடு அன்றைக்குப் போதும் என்பது. பேதி ஆகிற வரைக்கும் மணிக்கு ஒன்று போட்டது அந்தக் காலத்துப் பழக்கம். பலன் ஒன்றும் கூடாது, பேதிதான் கூடும். சிறுநீரகம் சரியில்லாதவர்கள், கிளாரித்ரோமைசின் என்கிற ஆன்டிபயாடிக் மாதிரி சில மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்த அளவைக்கூடக் கேட்காமல் போடக் கூடாது.

கோல்ச்சிசின் எங்கோ சீமையிலிருந்து வருகிற சரக்கு என்று நினைக்க வேண்டாம், நம்ம மாநிலப் பூவான செங்காந்தளில் இருப்பதும் அதேதான். கண்வலிக்கிழங்கு என்போமே, அந்தச் செடி. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். ஆனால் யாராவது நாட்டு வைத்தியம் என்று அந்தக் கிழங்கை அரைத்துக் கொடுத்தால் கையில்கூட வாங்காதீர்கள். ஆளைக் கொல்கிற விஷம் அது, மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே சில மில்லிகிராம்தான். பேர் போடாத டப்பாவில் வருகிற "வாதப் பொடி" பற்றியும் இதையேதான் சொல்வேன். ஒரே நாளில் வலி பறக்கிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

வலிக்கு ஆஸ்பிரின் வேண்டாம், அது குறைந்த அளவில் யூரிக் ஆசிட்டைத் தேக்கும். ஆனால் இருதயத்துக்காக டாக்டர் தினமும் எழுதிக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்து வந்தால், காலில் புண் இருந்தால், மருந்து போட்டும் இரண்டு நாளில் வலி கூடிக்கொண்டே போனால், அது கவுட் என்று வீட்டில் படுத்திருக்கக் கூடாது. மூட்டுக்குள் சீழ் பிடிப்பதும் வெளியில் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும், அதை விட்டால் மூட்டு போய்விடும். ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும். உள்ளூரில் அந்த வசதி இல்லை என்றால் சிவகங்கை மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ அன்றைக்கே கிளம்பிவிடுங்கள்.

யூரிக் ஆசிட் பரிசோதனை

வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் அளவு சாதாரணமாகவே காட்டலாம். அதைப் பார்த்து "கவுட் இல்லையாம்" என்று முடிவு கட்டாமல், வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுங்கள். அதோடு கிரியாட்டினின், சர்க்கரை, கொழுப்பு, பிபி எல்லாம் ஒரே மூச்சில் பார்த்துவிடுவது நல்லது, இவை கூட்டாளிகள். இன்னொன்று, யூரிக் ஆசிட் கூடுதலாக இருந்து இதுவரை ஒரு வலியும் வராதவருக்கு, காகிதத்தில் உள்ள எண்ணுக்காக மட்டும் மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

தினசரி மாத்திரை, இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள்

வருஷத்துக்கு இரண்டு தடவை அல்லது அதற்கு மேல் வருகிறவர்கள், தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி முடிச்சு விழுந்தவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடணும். அலோப்யூரினால்தான் பொதுவாக முதல் தேர்வு, அடுத்தது ஃபெபக்சோஸ்டாட். அலோப்யூரினாலை 100 மி.கி. அல்லது அதற்கும் குறைவாக ஆரம்பித்து, இரத்தம் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். குறி, இரத்தத்தில் யூரிக் ஆசிட் டெசிலிட்டருக்கு 6 மி.கி.க்குக் கீழே. முடிச்சு உள்ளவர்களுக்கு 5க்குக் கீழே. ஏன் 6 என்றால் 6.8 வாக்கில்தான் யூரிக் ஆசிட் கரைந்த நிலையிலிருந்து படிய ஆரம்பிக்கிறது, அதற்குக் கீழே வைத்திருந்தால் பழைய படிவும் மெதுவாகக் கரையும். 100 மி.கி.யிலேயே வருஷக்கணக்காக ஓட்டிக்கொண்டு, அளவு 8இல் நிற்கிறது என்றால் அது வைத்தியம் ஆகாது. அதை டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பித்த முதல் சில மாதம் வலி அடிக்கடி வரும். படிந்தது கரையும்போது படிகம் அசைவதால் வருவது இது. வீட்டில் ஆச்சி பார்த்துக்கொண்டே இருப்பார்கள், "ஏப்பா, இந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுலேருந்துதான் கால் வீங்குது, நிறுத்திப்புடு" என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அங்கே நிறுத்தினால் அவ்வளவு நாள் பட்டதெல்லாம் வீண். இதைத் தடுக்கத்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை குறைந்த அளவு கோல்ச்சிசினையும் கூடவே கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். வலி வந்த நாளிலும் தினசரி மாத்திரையை நிறுத்தக் கூடாது, வலிக்கு உண்டான மருந்தை அதோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளணும்.

நிறுத்த வேண்டிய நேரம் ஒன்று உண்டு. அலோப்யூரினால் சாப்பிடும்போது உடம்பில் தடிப்போ, வாய்ப்புண்ணோ, காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் வரும். அபூர்வம்தான், ஆனால் உயிருக்கே வினையாகும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடணும், இரண்டும் ஒன்றாகச் சேரக் கூடாது. இருதய நோய் உள்ளவர்கள் ஃபெபக்சோஸ்டாட் ஆரம்பிக்கும் முன் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளுங்கள்.

பிபி மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் மாதிரி நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள் யூரிக் ஆசிட்டை ஏற்றும், லோசார்டன் கொஞ்சம் இறக்கும். மாதவிடாய் நின்ற பிறகு ஆச்சிமார்களுக்குக் கவுட் வருவதில் இந்த நீர் மாத்திரைக்குப் பங்கு உண்டு. அவர்களுக்குக் கை விரல் கணுக்களில் வந்து, சாதாரண மூட்டுத் தேய்மானம் என்றே வருஷங்கள் ஓடிவிடும்.

சாப்பாடு

யூரிக் ஆசிட்டில் பெரும்பங்கு உடம்பு தானே உண்டாக்குவது, பெரும்பாலோருக்குச் சிக்கல் சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாததுதான். அதனால் இலையில் எவ்வளவு கட்டுப்பாடு வைத்தாலும் அளவு ஒரு மி.கி. வாக்கில் குறைந்தாலே அதிகம். இதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை தீரும்.

பருப்பு, கீரை, காளான், கும்மாயம், உளுந்தங்களி, பச்சைப்பயறு எதையும் கவுட்டுக்காக விட வேண்டாம். செடியிலிருந்து வரும் பியூரின் (உடம்பில் உடைந்து யூரிக் ஆசிட் ஆகிற பொருள்) கவுட்டைக் கூட்டுவதாக ஆராய்ச்சிகளில் தெரியவில்லை. மோர், கொழுப்பு எடுத்த பால், காபி எல்லாம் உங்கள் கட்சிதான். காபியில் சர்க்கரையை மட்டும் பாருங்கள்.

விட வேண்டியது வேறு. ஈரல், சுவரொட்டி, மூளை, கிட்னி. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடைக்காரர் நம்ம முகம் பார்த்து எடுத்து வைத்திருப்பாரே, அதையேதான் சொல்கிறேன். தொண்டிப் பக்கமிருந்து வருகிற மத்தி, நெத்திலி, இறாலைக் குறையுங்கள், நெத்திலிக் கருவாடு அதைவிட மோசம், காய்ந்து சுண்டியதில் எல்லாம் திரண்டு நிற்கும். ஆட்டுக்கறி, உப்புக்கறி எப்போதாவது நாலு துண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழியும் அளவாக. கறியைக் கொதிக்க வைக்கும்போது பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் துண்டைவிடச் சாற்றில் கவனம் வையுங்கள். மூட்டு வலி என்றதும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிற பாசக்கார வீடு நம்மது, மற்ற மூட்டு வலிக்கு எப்படியோ, கவுட்காரருக்கு அந்தக் கிண்ணம் வேண்டாம்.

குடிப்பதில் பீர்தான் முதல் எதிரி, அதில் சாராயமும் இருக்கிறது, பியூரினும் இருக்கிறது. பிராந்தி, விஸ்கி பரவாயில்லை என்று யாராவது மாப்பிள்ளை முறைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பாட்டில் கூல்டிரிங்க்ஸும் சர்க்கரை போட்ட ஜூஸும் பலருக்குத் தெரியாத வில்லன்கள், அதில் உள்ள ஃப்ரக்டோஸ் உடம்பில் உடையும்போதே யூரிக் ஆசிட் உண்டாகிறது. கரும்புச் சாறும் அந்த வகைதான். சிங்கப்பூரிலிருந்து வருகிற சொந்தக்காரர் செர்ரிக் குளிகை கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை, ஆனால் மாத்திரைக்கு அது மாற்று ஆகாது.

உடல் எடை கூடுதல் என்றால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி போட்டு ஒரேயடியாக இறக்கினால் அதுவே வலியைக் கிளப்பும்.

தை மாதம்

நம்ம பக்கத்துக் கவுட்காரருக்குச் சோதனையான மாதம். பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வருகிற விருந்தாளிகள், கறிச்சோறு, அதன் பின்னாலேயே தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை. விரதத்தில் கறி இல்லை என்பது சரிதான், ஆனால் ஒரு வேளைச் சாப்பாடு, வெயிலில் தண்ணீர் இல்லாத நடை, நாள் முழுக்கப் பாதத்துக்கு விழும் அடி என்று கவுட்டைத் தூண்டுகிற மூன்றும் சேர்ந்து வருகிறது. நடக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், கேட்கிற ஆளும் இல்லை. போகிறதானால் மார்கழியிலேயே யூரிக் ஆசிட் பார்த்து, டாக்டரிடம் சொல்லி, தேவைப்பட்டால் அந்த நாட்களுக்குத் தடுப்பு மருந்து கேட்டுக்கொள்ளுங்கள். பையில் தினசரி மாத்திரை, வலி மருந்து, எழுதி வாங்கிய சீட்டு. வழியெல்லாம் அன்னதானப் பந்தலில் மோர் கொடுப்பார்கள், விடாமல் வாங்கிக் குடியுங்கள், சிறுநீர் மஞ்சளாகிற அளவுக்கு விட வேண்டாம். இருதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீர் அளவு கட்டியவர்கள் மட்டும் அந்த அளவைத் தாண்டக் கூடாது. நடுவழியில் விரல் பிடித்துக்கொண்டால் கூட வருகிற வேனில் ஏறிவிடுங்கள், வீங்கிய மூட்டில் மேற்கொண்டு நடந்தால் பத்து நாளில் அடங்க வேண்டியது மாசி வரை இழுக்கும்.