மிளகாய் விதைக்கு மீன் பெட்டி

மார்கழி, தை மாதங்களில் மொட்டை மாடி நிழல்வலைக் குடிலில் மிளகாய், கத்தரி விதைகளை முளைக்க வைப்பவர்கள், மீன் அனுப்பப் பயன்பட்ட பழைய தெர்மாகோல் பெட்டிக்குள் குழித்தட்டை (சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டு) வைத்து, வெயில் தாழ்வதற்கு முன்பே அதன் மேல் காற்றுக் குமிழ்கள் கொண்ட பபிள் ஷீட்டை இரண்டாக மடித்துப் போர்த்திவிடலாம். கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் வியாபாரிகளிடம் கேட்டால், மூடி உடைந்த பெட்டியே இதற்குப் போதும். சோப்புத் தண்ணீரில் உப்பும் வாடையும் போகக் கழுவிக் காயவைப்பது முக்கியம். இல்லையெனில் விதைக்கு முன்பே பூனை வந்து சேரும்.

இவ்விதைகள் 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் விரைவாக முளைப்பவை. நம் கடலோரத்தில் தை மாத இரவு 20 டிகிரியை ஒட்டி இறங்கும்போது முளைப்பு தாமதமாகிறது. தெர்மாகோலிலும் குமிழ்களிலும் அடைபட்டிருக்கும் அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், குழித்தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவு பகலில் வாங்கிய சூடு குளிர்ந்த தளத்துக்கும் திறந்த வானத்துக்கும் மெதுவாகவே இழக்கப்படுகிறது. பெட்டி தானாகச் சூட்டை உண்டாக்காது. ஆகவே இருட்டிய பிறகு மூடுவதில் பெரிய பயனில்லை.

காலையில் போர்வையைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும், நண்பகல் வெயிலில் உள்ளே வெந்துவிடும். முளை தலைகாட்டியதும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடுவது நல்லது, ஏனெனில் தேங்கும் ஈரம் நாற்றழுகலுக்கு (இளநாற்று அழுகிச் சாயும் நோய்) இடம் கொடுக்கும். மேகமூட்டமான மழை இரவுகளிலும், குளிரை விரும்பும் கொத்தமல்லி, முள்ளங்கி போன்றவற்றுக்கும் இது தேவையில்லை.