காம்பஸ் இல்லாமல் கடலைக் கடப்பது எப்படி? 30,000 ஆண்டுப் பழைய செய்முறை

தைவானுக்குக் கிழக்கே சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிறது ஜப்பானின் யோனாகுனி தீவு. நடுவில் குரோஷியோ என்ற முரட்டு நீரோட்டம். அப்படியிருந்தும் 30,000 ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு இருக்கும் ரியூக்யூ தீவு வரிசையில் ஆட்கள் குடியேறிவிட்டார்கள். எப்படி என்று பார்க்க, மானுடவியலாளர் யூசுகே கைஃபுவின் குழு 2019 ஜூலையில் அந்தக் கடலைத் துடுப்பு போட்டே கடந்தது. அவர்கள் பட்ட பாட்டிலிருந்து எடுத்ததுதான் இந்தச் செய்முறை. பாய், இரும்பு, வரைபடம், கடிகாரம் எதற்கும் அனுமதி இல்லை.

படி 1: மலை ஏறுங்கள்

கரையில் நின்றால் தீவு தெரியாது. வானம் தெளிவான நாளில் தைவான் மலை மேலிருந்து தெரியும். "தெரிந்து போகவில்லை, ஆட்களை அலை அடித்துக்கொண்டு போய் அங்கே ஒதுக்கியிருக்கும்" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: அந்தப் பக்கமாக மிதந்து போன 138 ஆய்வு மிதவைகளில் நான்கே நான்குதான் தீவுகளுக்கு 20 கிலோமீட்டர் பக்கத்தில் வந்தன.

படி 2: தோணி குடையுங்கள்

நாணல் கட்டு வேண்டாம், மூங்கில் மிதவையும் வேண்டாம். கைஃபு குழு இரண்டையும் செய்து பார்த்தது. நன்றாக மிதந்தன, ஆனால் நீரோட்டத்தை வெட்டிப் போக வேகம் போதவில்லை. அப்புறம்தான், முனை தீட்டிய கல் கோடரியால் ஒரு பெரிய மரத்தைச் சாய்த்து, குடைந்து, உட்புறத்தை நெருப்பில் கருக்கித் தேய்த்தார்கள். நீளம் 7.5 மீட்டர். அகலம் 70 சென்டிமீட்டர்தான், அதாவது ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார முடியும். ஆட்டம் அதிகம், தண்ணீரும் உள்ளே வரும். இறைத்துக்கொண்டே போக வேண்டும்.

படி 3: தீவைப் பார்த்துப் போகாதீர்கள்

புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். குரோஷியோ வடக்கே இழுக்கும், வினாடிக்கு 1 முதல் 2 மீட்டர் வேகத்தில். தீவுக்கு நேர் எதிரே கிளம்பினால் அதைத் தாண்டி வடக்கே போய்விடுவீர்கள். அதனால் நன்றாகத் தெற்கே இறங்கிக் கிளம்புங்கள். தீவு வடகிழக்கில் இருக்கும். நீங்களோ கிழக்கே, முடிந்தால் கொஞ்சம் தென்கிழக்கே துடுப்பு போடுங்கள். வடக்கே போகிற வேலையை நீரோட்டம் பார்த்துக்கொள்ளும். பயணம் 225 கிலோமீட்டராக நீளும், பரவாயில்லை.

படி 4: திசை பிடியுங்கள்

பகலில் சூரியன். உச்சிவேளையில் அது உதவாது, அப்போது அலை எந்தப் பக்கமிருந்து தோணியைத் தூக்குகிறது என்று கவனியுங்கள். இரவில் நட்சத்திரம். ஒரு நட்சத்திரம் தினமும் அடிவானத்தில் அதே இடத்தில்தான் எழும். அதை நேரே வைத்துப் போங்கள். மேலே ஏறிச் சாய்ந்துவிட்டால், அதே இடத்தில் அடுத்து எழுவதைப் பிடியுங்கள். துருவ நட்சத்திரத்தைத் தேடாதீர்கள். பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லச் சுற்றுவதால், அந்தக் காலத்தில் அது வடக்கைக் காட்டவில்லை.

படி 5: கரை தேடுங்கள்

கடல்மட்டத்திலிருந்து பார்த்தால் சுமார் 50 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் தீவு கண்ணில் படும். அதுவரை, மற்ற மேகங்கள் நகரும்போது ஒரே இடத்தில் நிற்கும் மேகம் உண்டா என்று பாருங்கள். அதன் அடியில் நிலம் இருக்கலாம். சாயங்காலம் பறவைகள் கூட்டமாக எந்தப் பக்கம் திரும்புகின்றன என்பதும் ஒரு குறிப்பு.

2019 குழுவில் நான்கு ஆண்கள், ஒரு பெண். இரண்டாம் இரவில் கை ஓய்ந்து, துடுப்பை வைத்துவிட்டுப் படுத்தார்கள். கிளம்பி 45 மணி நேரத்தில் யோனாகுனி கரையில் இறங்கினார்கள்.